ஏழரை ஆண்டில் சனிகூட விட்டுவிடும்

போன மாதம் காரைக்காலில் ஒரு கூட்டம். முற்போக்கு எழுத்தாளர் என்று பேரெடுத்த நண்பர் ஒருவர் பேசினார். சாதியைப் பற்றித்தான் பேச்சு. "வெறுப்பு நிரந்தரமானதல்ல தோழர்களே. கூட்டத்தோட மனசு மாறும். ஒரு காலத்துல நம்பியாரைத் திரையில பார்த்தாலே சாபம் விட்ட தாய்மாருங்கதான் பின்னாடி அவரைக் கும்பிட்டாங்க. டி.வி. மல்யுத்தத்துல அண்டர்டேக்கரைப் பாருங்க. வில்லனா வந்த ஆளு. கடைசியில எழுந்து நின்னு கைதட்டி வழியனுப்புனாங்க. காலம்தான் மருந்து. தலித் தோழர்கள் கொஞ்சம் பொறுமையா இருக்கணும்" என்று முடித்தார். பலத்த கைதட்டல். பிறகு டீ, மசால் வடை.

நான் கைதட்டவில்லை. வடையைத் தின்றேன், பசி.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே கேள்விதான் குடைந்தது. பொறுமை என்றால் எத்தனை வருஷம்? காரைக்கால்காரனுக்கு இந்தக் கணக்கு தெரியும். பக்கத்திலேயே திருநள்ளாறு. சனீஸ்வரனுக்குப் பயந்துகொண்டு லட்சக்கணக்கில் ஜனம் வருகிற ஊர். கருப்பு நிறம், காக்கை வாகனம், பார்த்தாலே கேடு என்று பேர் வாங்கிய வில்லன் அவன். அவன் பிடித்தால் ஏழரை ஆண்டு. ராசிக்கு இரண்டரையாக மூன்று ராசி, கணக்கு முடிந்ததும் விட்டுவிட்டுப் போய்விடுவான் என்பது நம்பிக்கை. சனியே ஏழரை ஆண்டில் விட்டுவிடுகிற நாட்டில் எங்களைப் பிடித்தது ஏன் இன்னும் விடவில்லை என்று கேட்டால், பொறுமையாக இரு என்கிறார் நண்பர்.

அவர் சொன்ன உதாரணங்களை நான் தள்ளிவிடவில்லை. கூட்டத்தின் மனசு மாறுவது உண்மைதான். யாருக்காக மாறியது, எத்தனை நாளில் மாறியது, மாறுவதற்கு என்ன விலை கேட்டது என்று மூன்று கேள்வி உண்டு. அவர் கேட்காமல் விட்ட அந்த மூன்றையும் இங்கே கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் அண்டர்டேக்கர். இதில் எனக்குச் சொந்த வழக்கு ஒன்று இருக்கிறது.

1999. நான் ஏழாவது படிக்கிறேன். கேபிள் டி.வி. எங்கள் காலனிக்கு இன்னும் வரவில்லை. ஊர்த்தெருவில் ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்போம். உள்ளே வரச் சொல்ல மாட்டார்கள், விரட்டவும் மாட்டார்கள். அந்த ஜன்னல் வழியாகத்தான் மல்யுத்தம் என்கிற அந்தக் கூத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பையன் கையிலும் டிரம்ப் கார்டு. உயரம், எடை, மார்பளவு, எத்தனை சண்டை, எத்தனை வெற்றி என்று அச்சடித்த அட்டைகள். அண்டர்டேக்கர் அட்டை கிடைத்தவன் ராஜா. நீளக் கருப்பு அங்கி, கருப்புத் தொப்பி, மணி அடிக்கும், விளக்கு அணையும், மெதுவாக நடந்து வருவார். கூட்டம் கத்தும்.

அண்டர்டேக்கர் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு நாள் பள்ளிக்கூட அகராதியில் பார்த்தேன். பிணத்தை அடக்கம் செய்கிறவன். நம்ம பாஷையில் வெட்டியான்.

எங்க தாத்தா வெட்டியான். ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அவருக்குத்தான் ஆள் வரும். குழி வெட்டுவது, எரிக்கிற பிணமென்றால் வறட்டி அடுக்கி வைக்கோல் போட்டு மேலே சேறு பூசி மூட்டம் போடுவது, ராத்திரி முழுக்க உட்கார்ந்து வெந்து முடிக்கிறவரைக்கும் காவல் இருப்பது. கிடைப்பது நெத்திக் காசு, வாய்க்கரிசி, கோடித்துணி. சாவு வீட்டில் அவருக்கு மரியாதை சுடுகாட்டு எல்லை வரை. எரித்துவிட்டுக் குளித்தால் ஊரார் தீட்டுப் போய்விடும். அவர் எத்தனை தடவை குளித்தும் போகவில்லை.

அகராதி பார்த்த மறுநாள் மணல் மேட்டில் மல்யுத்தம் விளையாடினோம். ஊர்ப் பையன்களும் நாங்களும் ஒன்றாக விளையாடுகிற ஒரே இடம் அது. யார் அண்டர்டேக்கர் என்று சண்டை. ஊர்ப் பையன்கள் நாலு பேர் ஒரே நேரத்தில் "நான்தான் அண்டர்டேக்கர்" என்கிறார்கள். வெட்டியானாக ஆசைப்பட்டு ஊர்ப் பிள்ளைகள் அடித்துக்கொண்டதை நான் பார்த்தது அந்த ஒரு காலத்தில்தான். நானும் போட்டிக்குப் போனேன். "நான் அண்டர்டேக்கர்டா" என்றேன். அவர்களில் பெரியவன் சிரித்தான். "நீ நெசமாவே வெட்டியான்டா. அண்டர்டேக்கர் வேற" என்றான். இன்னொருத்தன், "ஒங்கப்பன் குழி வெட்ட மாட்டேன்னுட்டானாமே. நீ வெட்டுறியா?" என்றான்.

பன்னிரண்டு வயதுப் பையன்கள் அவர்கள். அவர்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வயதிலேயே ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்துவைத்திருந்தார்கள். வேஷம் போடுகிறவன் வேறு, அதற்கென்று பிறந்தவன் வேறு. வேஷம் போடுகிறவனுக்குக் கைதட்டலாம். பிறந்தவனுக்குக் கைதட்டினால் கை தீட்டாகிவிடும்.

இனி அந்த மேடைக்குள்ளேயே போய்ப் பார்ப்போம். அண்டர்டேக்கர் என்பவர் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் பிறந்த மார்க் காலவே என்ற வெள்ளைக்காரர். 1990 நவம்பரில் அந்த வேஷத்தோடு வந்தார், வில்லனாக. பிறகு அவருக்கு மேலாளராக வந்தவர் பால் பேரர். கையில் அஸ்திக் கலசம் ஏந்தி வருவார். அந்த மனுஷன் நிஜ வாழ்க்கையிலேயே சவ அடக்கத் தொழில் படித்தவர் என்பது வேடிக்கை. அங்கே அது படித்துப் பட்டம் வாங்குகிற தொழில். 1992 தொடக்கத்தில் கூட்டத்தின் மனசு மாறிவிட்டது. ஒன்றரை வருஷத்துக்குள் வெட்டியான் நாயகனாகிவிட்டார். அதன் பிறகு பலமுறை வில்லனானார், பலமுறை நல்லவரானார். 2020இல் ஓய்வு பெற்றார். நண்பர் சொன்ன கைதட்டல் எல்லாம் உண்மை.

நாயகனான அந்த 1992இல் அவருக்கு எதிரே யாரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்? கமலா என்ற 'உகாண்டா ராட்சசனை'. இதைத்தான் நண்பர் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இருந்ததில்லை.

கமலாவுக்கும் உகாண்டாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் பெயர் ஜேம்ஸ் ஹாரிஸ். 1950இல் மிசிசிப்பியில் பிறந்த கருப்பர். பருத்திக்காட்டு வாரக் குடியானவர்களின் மண் அது, நம்ம பண்ணையாள் கதைதான். 1982இல் மெம்பிஸ் நகரத்து மல்யுத்தக்காரர்கள் அவருக்கு இந்த வேஷத்தைக் கட்டினார்கள். இடுப்பில் ஒரு துண்டுத்துணி, வெறுங்கால், முகத்தில் வர்ணம், வயிற்றில் நிலாவும் நட்சத்திரமும். கையில் ஈட்டி. இடி அமீனின் மெய்க்காப்பாளனாக இருந்தவன் என்று கதை. அவரைப் பிடித்து நடத்தி வருகிற ஆளுக்கு என்ன உடை தெரியுமா? காலனி காலத்து வேட்டைக்காரத் துரையின் காக்கி உடையும் தொப்பியும். இந்தப் படத்துக்கு விளக்கம் வேண்டுமா?

கமலா பேசக் கூடாது. வயிற்றில் அடித்துக்கொள்ளலாம், உறுமலாம். பேச்சு கிடையாது. பத்து வருஷம் ஊர் ஊராக வெள்ளைக்காரக் கூட்டம் காசு கொடுத்து அவரைப் பார்த்துப் பயந்தது, காறித் துப்பியது.

1992 ஆகஸ்டில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஏறக்குறைய 80,000 பேர் முன்னால் அண்டர்டேக்கரோடு மோதினார். அந்த மோதலுக்குத் தனக்குக் கிடைத்த கூலி எதிராளிக்குக் கிடைத்ததில் ஒரு சிறு துளி என்று பிற்காலத்தில் மனம் நொந்து சொன்னார். நவம்பரில் மறுபடி மோதல். இந்த முறை சவப்பெட்டிப் போட்டி. அந்தக் கம்பெனி மேடையில் அப்படி ஒரு போட்டி நடந்தது அதுதான் முதல் தடவை. வெள்ளை வெட்டியான் கருப்பு 'காட்டுமிராண்டியை' வீழ்த்திப் பெட்டிக்குள் உருட்டி மூடி, ஆணி அடித்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

நான் சொல்ல வருவது இதுதான். அண்டர்டேக்கர் மேல் இருந்த வெறுப்பு கரைந்து காற்றில் போய்விடவில்லை. இடம் மாறியது. அது போய் உட்காருவதற்கு இன்னொரு உடம்பு தேவைப்பட்டது. தயாராக ஒரு கருப்பு உடம்பு இருந்தது.

பிறகு கமலாவையும் கூட்டம் நேசித்தது என்பீர்கள். ஆமாம், நேசித்தது. எப்படி? 1993 வாக்கில் கதையில் ஒரு பாதிரியாரைக் கொண்டுவந்தார்கள். அவரும் கருப்பர்தான். அவர் வந்து "நீ மிருகமில்லை, மனுஷன்" என்று கமலாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். பந்து உருட்டி விளையாடக் கூட்டிப் போனார், நாகரிகம் பழக்கினார். அப்போது கூட்டம் கைதட்டியது. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு மிசிசிப்பிக்காரருக்கு, அவர் மனுஷன்தான் என்று மேடையில் வைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். கைதட்டல் கிடைத்த கொஞ்ச நாளிலேயே வேலையும் போயிற்று. பயமுறுத்தாத கமலாவை வைத்துக்கொண்டு அவர்களுக்கு என்ன லாபம்? பிறகு லாரி ஓட்டினார். சர்க்கரை நோயில் இரண்டு காலும் போயின. மர நாற்காலி செய்து விற்றார். 2020 ஆகஸ்டில் இறந்தார். வாழ்க்கைக் கதையைப் புத்தகமாகப் போட்டபோது அதற்கு அவர் வைத்த தலைப்பு 'கமலா பேசுகிறான்' என்ற பொருள் தரும். வாயைக் கட்டிப்போட்ட கூட்டத்துக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

எங்கள் ஊரை 1954 வரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் நாட்டில் ரொலாண் பார்த் என்றொரு அறிஞர் இருந்தார். எம்.ஏ. படித்த காலத்தில் சிறுபத்திரிகைக்காரர்கள் அவர் பெயரைச் சொல்லியே எங்களை மிரட்டுவார்கள். 1957இல் வந்த அவருடைய 'மித்தாலஜீஸ்' நூலின் முதல் கட்டுரையே மல்யுத்தம் பற்றியது. இது முன்கூட்டியே பேசிவைத்த கூத்து என்று கூட்டத்துக்குத் தெரியும், அதைப் பற்றி அதற்குக் கவலையும் இல்லை, நல்லது கெட்டது கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்கிறார். தோவேன் என்ற ஒரு மல்லரைப் பற்றி எழுதுகிறார். ஐம்பது வயது, தொங்குகிற சதை. ஆள் சண்டையைத் தொடங்குவதற்கு முன்பே அந்த உடம்பே இவன் அயோக்கியன் என்று அறிவித்துவிடுகிறதாம். கூட்டம் அவருக்கு வைத்த பட்டப்பெயர் நாறிய மாமிசம். பார்த் இதை ரசித்து எழுதுகிறார். எனக்கு அங்கே ரசிக்க முடியவில்லை. உடம்பே குற்றப்பத்திரிகை என்பது அவருக்கு அழகியல். எங்களுக்கு அது அன்றாடம். 'மாமிசம்' என்று வைதால் யாரை வைகிறார்கள் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எட்டாவதில் பள்ளி நாடகத்தில் என்னை எமனாகப் போட்ட வாத்தியார் "ஒனக்கு மை பூச வேணாம், செலவு மிச்சம்" என்றார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். என்ன செய்வது?

சரி, நம்பியாருக்கு வருவோம்.

எம்.என். நம்பியார் பெரிய நடிகர். 1919இல் பிறந்து 2008 நவம்பரில் மறைந்தவர். அவர் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. கண்ணை உருட்டிக் கையைப் பிசைந்தால் கொட்டகையே நடுங்கும். 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) படத்தில் அவர் கையிலிருந்த சவுக்கு எம்.ஜி.ஆர். கைக்கு மாறிய நிமிஷத்தில் எங்கள் சேரி ஜனம் எழுந்து நின்று கத்தியதாக அப்பா சொல்வார். சவுக்கடி என்றால் என்னவென்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். கீழத்தஞ்சையில் சாணிப்பாலும் சவுக்கும் சினிமாச் சாமான் அல்ல. எங்க ஜனம் நம்பியாரை வெறுத்ததில் ஒரு நியாயம் இருந்தது. அவர்கள் வெறுத்தது அந்த முகத்தில் தெரிந்த ஆண்டையை.

அப்புறம் மாறியது. 1982இல் 'தூறல் நின்னு போச்சு' வந்தது. அதில் நல்லவராக, சிரிக்க வைக்கிற வஸ்தாதாக வந்தார். கூட்டம் அவரைக் கொண்டாட ஆரம்பித்தது. 50களின் தொடக்கத்திலிருந்து கணக்குப் போட்டால் முப்பது வருஷம். ஆனால் உண்மையில் கூட்டத்தின் மனசைக் கழுவியது அந்தப் படம் மட்டுமல்ல. ஊரில் யாரிடமாவது நம்பியாரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "படத்துலதாங்க வில்லன். நெசத்துல சுத்த சைவம். குடிக்க மாட்டாரு. சபரிமலைக்கு வருஷா வருஷம் போற மகா குருசாமி" என்பார்கள். ஒரு வில்லனை மன்னிக்க இந்தக் கூட்டம் கேட்கிற விலை இதுதான். கறி தின்னக் கூடாது, கள் குடிக்கக் கூடாது, மலை ஏற வேண்டும். அண்ணன் தம்பி சொத்தைப் பிடுங்கியதும் பெண்ணைக் கெடுக்கப் பார்த்ததும் வெறும் நடிப்பு. சைவம் மட்டும் நிஜம். அந்த நிஜம் அத்தனையையும் கழுவிவிடும்.

கமலாவுக்குப் பாதிரியார், நம்பியாருக்குச் சபரிமலை. வில்லன் திருந்த வேண்டுமென்றால் புனிதத்தின் வழியாகத்தான் வர வேண்டும். அப்படியானால் மாட்டுக்கறி தின்கிற, பெயருக்குப் பின்னால் நம்பியார் என்றெல்லாம் ஒட்டு இல்லாத ஒருத்தன் எந்த வழியாக வருவது?

அந்த இடத்தில் ஒரே ஒருத்தர் எனக்கு ஆறுதல். எம்.ஆர். ராதா. 'ரத்தக்கண்ணீர்' படம் வந்தது 1954இல். அதற்கு முன்பே மேடையில் நடத்தியவர். அதே 54இல் ராமாயணத்தை மேடையில் தலைகீழாகக் கவிழ்த்தார். நாடகங்களைக் கட்டுப்படுத்த அந்த ஆண்டு அரசாங்கம் சட்டமே கொண்டுவந்தது. குஷ்டரோகியாக, கெட்டவனாக மேடையில் நின்றுகொண்டே கூட்டத்தைத் திட்டினார். கூட்டம் அவரைக் கெட்டவனாகவே நேசித்தது. நான் நல்லவன் என்று அவர் யாரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை. 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் சிறைக்குப் போனார், அந்தக் கோபம் வேறு கதை. ராதா ஒரு விதிவிலக்கு. விதிவிலக்கை வைத்து எங்களுக்கு வாழ்வு நடக்காது.

'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' என்று பாரதிதாசன் எழுதவில்லையா, 1934இல் மேடையேறவில்லையா, இராவணனை நாயகனாக்கவில்லையா, 1974 டிசம்பரில் பெரியார் திடலில் இராவண லீலை நடத்தி ராமன் உருவத்தைக் கொளுத்தவில்லையா என்று சிலர் கேட்பார்கள். நடந்தது. பாரதிதாசன் வாத்தியார் வேலையைத் தொடங்கியதே எங்கள் நிரவியில்தான், 1909இல். அதில் எங்களுக்குப் பெருமை உண்டு. அதற்கும் முன்னால் 1873இலேயே 'குலாம்கிரி'யில் ஜோதிராவ் புலே அவதாரக் கதைகளைப் பிரித்துப் போட்டு, அசுரன் என்றால் மண்ணின் ஆள் என்று காட்டிவிட்டார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம்ம ஆட்கள் மீட்டெடுத்த வில்லன்கள் எல்லோரும் ராஜாக்கள். இரணியன் ராஜா, இராவணன் ராஜா. இரணியன் அரண்மனையில் பிணம் தூக்கியவன் யார் என்று ஒரு நாடகமும் கேட்கவில்லை.

இனி 2023க்கு வருகிறேன். கூட்டத்தில் நண்பரிடம் நான் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். அந்த நேரத்தில் வாயில் வடை.

2023 ஜூன் கடைசியில் மாரி செல்வராஜின் 'மாமன்னன்' வந்தது. மாமன்னன் தனித்தொகுதி எம்.எல்.ஏ. வடிவேலு அதில் சிரிக்க வைக்கவில்லை. கட்சியின் மாவட்டச் செயலாளர் முன்னால் உட்காருவதற்கு நாற்காலி கிடைக்காத எம்.எல்.ஏ. அவர். (எங்கள் பக்கம் நெடுங்காடும் தனித்தொகுதிதான். நாற்காலி விவகாரம் எங்களுக்குப் புரியாமல் இல்லை.) அந்த மாவட்டச் செயலாளர் ரத்னவேலு, பகத் ஃபாசில் செய்த பாத்திரம். பந்தயத்தில் தோற்றதற்காகத் தான் வளர்த்த நாயையே அடித்துக் கொல்கிறவன். சாதி வெறி பிடித்தவனை அப்படியே நிறுத்திக் காட்டி, பாருங்கள் இவனை, என்றது படம்.

என்ன நடந்தது? ஜூலை கடைசியில் படம் ஓடிடியில் வந்தது. வந்த சில நாட்களிலேயே ரத்னவேலு வருகிற காட்சிகளை வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டைப் பின்னால் ஒட்டி, செல்போன் செல்போனாகச் சுற்றவிட்டார்கள். ஒரு சாதிக்காரர்கள் மட்டுமல்ல. ஆளுக்கு ஆள் எங்க ஆளு, எங்க சிங்கம் என்று தூக்கிக்கொண்டார்கள். படம் பன்றி வளர்க்கிறவன் பக்கம் நின்றது. கூட்டம் நாயை அடிக்கிறவனைத் தோளில் தூக்கியது.

நண்பரே, கணக்குப் போடுங்கள். நம்பியாரை மன்னிக்க முப்பது வருஷமும் சபரிமலையும் வேண்டியிருந்தது. கமலாவுக்குப் பத்து வருஷமும் ஒரு பாதிரியாரும். ரத்னவேலுவுக்கு ஒரு மாதம் போதுமாக இருந்தது. விரதம் இல்லை, மலை இல்லை, திருந்தவும் இல்லை. ஏன்? மற்ற வில்லன்களை மன்னிக்கக் கூட்டத்துக்குக் காரணம் தேவைப்பட்டது. ரத்னவேலுவைப் பார்த்தபோது அது தன்னையே பார்த்தது. தன்னைத் தானே மன்னித்துக்கொள்ள யாருக்கு முப்பது வருஷம் வேண்டும்?

காலம்தான் மருந்து என்பது எவ்வளவு பெரிய பொய் என்று இங்கே தெரிகிறது. காலம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. ஊர்த்தெருவில் ஒரு கடிகாரம், சேரியில் ஒரு கடிகாரம். நிலத்தைப் பங்கு போட்ட மாதிரி, குளத்தைப் பங்கு போட்ட மாதிரி மன்னிப்பையும் படிப்படியாகப் பங்கு போட்டுவைத்திருக்கிறார்கள். மேலே இருக்கிறவனுக்குச் சீக்கிரம், கீழே போகப் போகத் தாமதம்.

திருநள்ளாற்றில் 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சி. நளன் குளத்தில் முழுக்குப் போட்டுவிட்டு, கட்டியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் தோஷம் கழிந்தது என்பது ஜனங்களின் வழக்கம். விடாதீர்கள் என்று சொன்னாலும் விடுகிறார்கள். தோஷம் அவர்களை விட்டது சரி, எங்கே போனது? ஈரத்துணியாகக் கிடக்கிறது. மறுநாள் அதை வாரிக் குவித்து அள்ளியவர்களில் எங்கள் தெரு அத்தைகளும் உண்டு. "யார் யாரு வீட்டுச் சனியெல்லாமோ எங்க கையில" என்று ஓர் அத்தை சிரித்துக்கொண்டே சொன்னார். நான் இத்தனை பக்கத்தில் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

கடைசியாக எங்க அப்பா கதை. சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

தாத்தா இருந்தவரை ஊருக்கு அவர் நல்ல மனுஷன். "வெட்டியான்னா இவன்தான்யா, நடுராத்திரி கூப்பிட்டாலும் வருவான்" என்பார்கள். 1996 ஐப்பசி அடைமழையில் தாத்தா செத்தார். எங்க சுடுகாட்டுக்கு ஊர்த்தெரு வழியாகப் போனால் பத்து நிமிஷம். எங்க பிணம் அந்த வழியாகப் போகக் கூடாது. ஊர்ப் பிணத்தையெல்லாம் அடக்கிய மனுஷனின் பிணத்தை, தொடை மட்டும் தண்ணீர் நின்ற வயலில் இறங்கி, நடவு நட்ட பயிர் மிதிபடாமல், வரப்பு எங்கே வாய்க்கால் எங்கே என்று தெரியாமல் தூக்கிப் போனார்கள். ஒரு இடத்தில் பாடை சாய்ந்தது. எனக்கு ஒன்பது வயது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பதினாறாம் நாள் முடிந்து ஊரிலிருந்து ஆள் வந்தது. ஒரு சாவு, குழி வெட்ட வேண்டும். அப்பா "இனிமே எங்க வீட்லேர்ந்து யாரும் வரமாட்டோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போடவில்லை.

மல்யுத்தத்தில் நல்லவனாக இருந்த ஒருத்தன் ஒரே நாளில் வில்லனாகத் திரும்புவான். அதுபோல அன்றைக்கு எங்க அப்பா வில்லனானார். திமிர் பிடித்தவன், நன்றி கெட்டவன், கட்சிக்காரப் பயலுகளோடு சேர்ந்து கெட்டுப்போனவன். வயல் வேலைக்குக் கூப்பிடவில்லை. சைக்கிள் கடையில் காற்று அடிக்கவில்லை. காரைக்கால் டவுனுக்குப் போய்க் கொத்தனார் வேலைக்குச் சித்தாளாக நின்றார். குழி வெட்டியபோது எங்க வீட்டின் மேல் யாருக்கும் வெறுப்பில்லை. வெட்ட மாட்டேன் என்றபோதுதான் வந்தது.

அப்புறம் ஊரார் வேறு இடத்திலிருந்து ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்தார்கள். ஏச்சு பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் பக்கம் போனது. "குடிகாரப் பய, சொன்ன நேரத்துக்கு வரமாட்டான்." எங்க வீட்டின் மேல் இருந்த கோபம் அந்த அளவுக்குக் குறைந்தது. இப்போது ஜேசிபி வந்து குழி தோண்டிவிட்டுப் போகிறது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஜேசிபியை யாரும் டேய் என்று கூப்பிடுவதில்லை.

போன பொங்கலுக்கு அப்பாவும் நானும் மெயின் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். இப்போது பெஞ்சில் உட்காரலாம், கண்ணாடி கிளாஸ்தான். ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். அந்தக் காலத்தில் அப்பாவை வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்று முன்னால் நின்று சொன்னவர். எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "என்னப்பா, நல்லா இருக்கியா? பழசையெல்லாம் மனசுல வச்சுக்காத. எல்லாருக்கும் வயசாயிருச்சு" என்றார். உண்மையாகவே பிரியமாகத்தான் கேட்டார். கூட்டத்தில் பேசிய நண்பர் அங்கே இருந்திருந்தால் என் தோளைத் தட்டி, பார்த்தீர்களா, என்றிருப்பார்.

அப்பா டீயைக் கீழே வைத்தார். "இருக்கேங்க. எனக்கு எழுவத்திரண்டு ஆச்சு. நான் போனா தெரு வழியா எடுத்துட்டுப் போவ விடுவீங்களா?" என்று கேட்டார்.

பெரியவர் ரோட்டைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அது நான் ஒருத்தன் சொல்றதுல என்னப்பா இருக்கு" என்றார். தன் டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு எழுந்து போனார்.